அத்தை போனில் பாடுவதைப் பதிவு செய்ய எந்தக் கருவி சரிவரும்?

ஞாயிறு மாலை (கேள்வி கேட்டவர்):
அத்தைக்கு 81 வயது. தேவகோட்டைப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். செல்போன் வேண்டவே வேண்டாம் என்கிறார், லேண்ட்லைன்தான். ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து கூப்பிடுவேன். நலம் விசாரித்து முடிந்ததும் நடவுப் பாட்டு ஒன்றை எடுத்துவிடுவார். கண்மாய், மடை, கலுங்கு என்று பழைய கதையும் வரும். எங்கள் வீட்டில் இதெல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பதிவு செய்யட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். ஆனால் என் செல்போனில் ரெக்கார்டிங்கை அழுத்தியதும் ஆங்கிலத்தில் ஒரு குரல் அறிவிப்பு இரண்டு பக்கமும் கேட்டது. நடுவில் யாரோ பேசுகிறார்கள் என்று பயந்து ரிசீவரை வைத்துவிட்டார். தனி ஆப் போட்டால் என் குரல் மட்டும்தான் விழுகிறது. எதை வாங்குவது?

சாலிடரிங் மேசை:
ஆண்ட்ராய்டு 10 வந்த பிறகு எதிர்முனைக் குரலை வெளி ஆப்புகள் எடுக்க நேர்வழியில்லை. அக்சசிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளுக்காகப் போனில் உள்ள வசதி) வழியாகச் சுற்றி எடுத்த ஆப்புகளையும் 2022 மே மாதம் கூகுள் பிளே ஸ்டோரில் தடுத்துவிட்டார்கள். அதில் இனி நேரத்தைப் போடாதீர்கள்.

அத்தை வீட்டு லைனில் ரெக்கார்டரை மாட்டலாமா என்று யோசித்தால், மைக் பின்னை நேராகக் கொடுத்துவிடாதீர்கள். ரிசீவர் வைத்திருக்கும்போதே லைனில் 48 வோல்ட் டிசி இருக்கும். மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட் ஏசி. ரெக்கார்டர் போய்விடும். அந்த மின்சாரம் உள்ளே வராமல் ஒலி மட்டும் வர, நடுவில் 600 ஓம் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரும் ஒரு கண்டென்சரும் வேண்டும். ரிசீவரில் ஒட்டுகிற ரப்பர் கிண்ணம் வைத்த பிக்கப் காயிலும் (ரிசீவரின் காந்தப் புலத்திலிருந்து குரலைப் பிடிக்கும் கம்பிச் சுருள்) உண்டு, ஆனால் பக்கத்தில் ஒரு சார்ஜர் இருந்தாலே இரைச்சல் பிடிக்கும். எப்படியானாலும் 81 வயதில் அவர்தான் பொத்தானை அழுத்த வேண்டும். அது வேண்டாம். உங்கள் முனையிலேயே எடுங்கள்.

சொல் சேகரிப்பு:
அதேதான். நான் வட்டாரச் சொற்களைப் போனில் கேட்டுத் தொகுக்கிறவன். காதுக்குள் வைக்கும் மைக் வாங்குங்கள். ஒலிம்பஸ் டிபி-8 அப்படிப்பட்டது. இயர்போன் மாதிரிதான் இருக்கும், ஆனால் அது மைக். காதில் செருகி, அதன் மேலேயே போனை வைத்துப் பேச வேண்டும். எதிர்முனைக் குரலும் உங்கள் குரலும் இரண்டும் விழும். லேண்ட்லைன், செல்போன், வாட்ஸ்அப் எதுவானாலும் ஒன்றுதான். பின்னை 3.5 மி.மீ. மைக் துளை உள்ள ரெக்கார்டரில் செருகுங்கள். சோனி ஐசிடி-பிஎக்ஸ்470 போதும், சாதாரண ஏஏஏ பேட்டரியில் ஓடும்.

இதைவிட விலையான ரெக்கார்டருக்குச் செலவழிக்காதீர்கள். லேண்ட்லைனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி வரும், அதற்கு மேல் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. ஆனால் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாகவே வையுங்கள். மணிக்கு சுமார் 635 எம்பி ஆகும்.

முக்கியமானது இது: உங்கள் குரல் பெரிதாகவும் அவர் குரல் சின்னதாகவும் விழும். ரெக்கார்டர் தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். அவர் பாடும்போது 'ம்' கூடக் கொட்டாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டும் எடுக்காதீர்கள், நீங்கள் இருமினாலே அவர் குரல் அறுந்துபோகும்.

அப்புறம், ஊருக்குப் போகும்போது இதே ரெக்கார்டரை எடுத்துப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து அந்தப் பாட்டுகளை மறுபடி பாடச் சொல்லுங்கள். செல்போன் வழி பேச்சுக்காகச் செய்தது. நீட்டி இழுக்கும் ராகத்தை அது சிதைத்துவிடும்.

ஞாயிறு மாலை:
இரண்டும் வாங்கிவிட்டேன். முதல் வாரம் மைக் காதிலிருந்து நழுவி, பாதிப் பாட்டு விழவில்லை. நேற்று முழுசாக 40 நிமிடம் வந்தது. நோட்டில் தேதியும் ஒவ்வொரு பாட்டின் முதல் அடியும் எழுதினேன். 'ம்' கொட்டாமல் இருந்தது அவருக்குப் பழக்கமில்லை. மூன்றாவது பாட்டு முடிந்ததும், "லைன்ல இருக்கியா ஆத்தா? விழுந்துச்சா, இன்னொருக்கப் பாடவா?" என்றார். அதுவும் பதிவில் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன்.