ரேடியேட்டரில் ஃபேன் மாட்ட ஸ்க்ரூ பிடிக்கவில்லை, அவசரம்

கோரையாறு:
வணக்கம். கம்ப்யூட்டரின் வாட்டர் கூலிங் ரேடியேட்டரில் ஃபேன் மாட்ட முடியவில்லை. ஒரு ஸ்க்ரூ லூசாகச் சுற்றுகிறது, இன்னொன்று உள்ளேயே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் கல்யாண வீடியோ கொடுக்க வேண்டும். நீடாமங்கலத்தில் இருக்கிறேன். என்ன ஸ்க்ரூ வாங்குவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

மெக்கானிக்_தம்பி:
அண்ணா, 240 மி.மீ. ரேடியேட்டரா, 360ஆ? ஃபேன் தடிமன் எவ்வளவு? கூடவே ஒரு ஸ்க்ரூ பாக்கெட் வந்திருக்குமே, அது எங்கே?

கணினிப்பித்தன்:
மாடல் இல்லை, படம் இல்லை, அளவு இல்லை. இதை எத்தனை முறை எழுதுவது? டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? பெட்டிக்குள் இருக்கும் கையேட்டை ஒரு முறை புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நாகைக்காற்று:
ஸ்க்ரூவை விடுங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றுக்கு வாட்டர் கூலிங்கே சரிப்படாது. குழாய்மேல் வேர்த்து, மதர்போர்டில் சொட்டும். சாதாரண காற்று கூலர் போதும்.

மெக்கானிக்_தம்பி:
வேர்க்காதுங்க. அறையில் 36 டிகிரி என்றால் உள்ளே ஓடும் தண்ணீர் அதற்குக் கீழே போகவே போகாது. ஃப்ரிட்ஜ் மாதிரி குளிரவைக்கும் கருவி இல்லை இது, சூட்டை வெளியே கொண்டுவந்து விடுவது மட்டும்தான் வேலை. குளிர்ந்த பொருளில்தானே வேர்க்கும்?

கோரையாறு:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். தெரிந்தவரிடம் பழையதாக வாங்கினேன். 240தான். பெட்டி, கையேடு, ஸ்க்ரூ எதுவும் இல்லை, ஸ்டிக்கரும் கிழிந்திருக்கிறது. 120 மி.மீ. ஃபேன் இரண்டு, தடிமன் 25 மி.மீ. ஹார்டுவேர் கடையில் எம்3 (3 மி.மீ. விட்டம்), எம்4 (4 மி.மீ. விட்டம்) இரண்டும் 35 மி.மீ. நீளத்தில் வாங்கினேன். எம்3 லொடலொடவென்று முழுக்க உள்ளே போகிறது, கடைசியில் எதையோ தொடுகிற மாதிரி இருந்தது. எம்4 வாயிலேயே நின்றுவிடுகிறது.

பட்டறை_கும்பகோணம்:
தம்பி, முதலில் திருப்புளியைக் கீழே வையுங்கள். கம்ப்யூட்டர் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் முப்பது வருடமாக லேத்தில் மரை வெட்டுகிறேன்.

எம்3 லூசு, எம்4 நுழையவில்லை என்றால் நடுவில் ஒரு அளவு இருக்கிறது. அது 6-32, இஞ்ச் மரை. வெளிவிட்டம் 3.5 மி.மீ., ஒரு இஞ்ச்சுக்கு 32 மரை. உங்கள் பழைய டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள், பெரிய 3.5 இஞ்ச் டிஸ்க். அதன் பக்கவாட்டு ஸ்க்ரூவும் இதே மரைதான். அதை எடுத்துக் கையாலேயே இரண்டு சுற்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்தது நீளம். மரை தப்பினால் ஸ்க்ரூதான் வீண், நீளம் தப்பினால் ரேடியேட்டரே வீண். ஃபேன் 25, உங்கள் ஸ்க்ரூ 35. மிச்சம் 10 மி.மீ. உள்ளே போயிருக்கிறது. சில ரேடியேட்டரில் ஓட்டைக்கு நேர் கீழே தண்ணீர் ஓடும் தட்டைக் குழாய் இருக்கும், தகடு மெல்லியது. "எதையோ தொட்டது" என்றீர்களே, அது குழாயாக இருக்கலாம். 30 மி.மீ. ஸ்க்ரூ போதும், 5 மி.மீ. உள்ளே பிடிக்கும். கேபினெட் தகட்டுக்கு வெளியிலிருந்து முடுக்குவதாக இருந்தாலும் ஒரு மில்லிதான் குறையும்.

மெக்கானிக்_தம்பி:
ஐயா சொல்வது சரி. அண்ணா, இப்போதைக்கு எதையும் கம்ப்யூட்டரில் மாட்டாதீர்கள். ரேடியேட்டரின் அடியில் வெள்ளை டிஷ்யூ விரித்து ராத்திரி முழுக்க வையுங்கள், ஸ்க்ரூ தொட்ட ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். காலையில் ஈரப்பொட்டு தெரிந்தால் அந்த ரேடியேட்டரை மறந்துவிடுங்கள்.

கோரையாறு:
சரிங்க. ஃபேனை எந்தப் பக்கம் மாட்டுவது? ரேடியேட்டர் கேபினெட்டின் முன்பக்கம் வருகிறது. என் கடைக்கு எதிரே நெல் கொள்முதல் நிலையம், குறுவை நெல் வந்து குவிகிறது.

கணினிப்பித்தன்:
ஃபேன் முன்னால், ரேடியேட்டர் பின்னால். தள்ளுகிற ஃபேன்தான் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்றை நன்றாகச் செலுத்தும். ஃபேனில் குறுக்குக் கம்பி உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம், அது ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். இது அடிப்படை.

சுவாமிமலை24:
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் சொன்னதைப் படித்தீர்களா? எதிரே நெல் தூற்றுகிறார்கள். சுணை எப்படிப் பறக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஃபேன் முன்னால் இருந்தால் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சுணை கம்பளி மாதிரி படியும், வெளியிலிருந்து தெரியாது. ஃபேன் பின்னால் இருந்து இழுத்தால் ரேடியேட்டர் முகத்திலேயே படியும், முன் வலையைக் கழற்றி பிரஷ் போட்டால் முடிந்தது. போன தை அறுவடையில் என் அண்ணன் கம்ப்யூட்டர் 95 டிகிரி தொட்டது. எட்டு ஸ்க்ரூவையும் கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்கச் சுணை.

கணினிப்பித்தன்:
மாதம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்யாதது உங்கள் அண்ணன் தவறு, ஃபேன் தவறில்லை.

சுவாமிமலை24:
ஆவணி முகூர்த்தத்தில் ராப்பகலாக வீடியோ வெட்டுகிறவருக்கு மாதா மாதம் கழற்ற நேரம் எங்கே சார் இருக்கும்? தள்ளினாலும் இழுத்தாலும் சூட்டில் பெரிய வித்தியாசம் வராது. அடைத்துக்கொண்டால்தான் வரும்.

நாகைக்காற்று:
அதற்குத்தான் காற்று கூலர் என்றேன்.

பட்டறை_கும்பகோணம்:
எந்தப் பக்கமானாலும் ஒன்று சொல்கிறேன். ஸ்க்ரூவை வைத்ததும் முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். மெல்லிய ஒரு "டக்" கேட்கும், அங்கேதான் மரையின் வாய். அதன்பிறகு வலப்பக்கம் கொடுங்கள், மரை கோணலாக ஏறாமல் உட்காரும். நான்கு மூலையும் அரைகுறையாகப் பிடித்தபின் எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். ஃபேன் ஆடாமல் நின்றால் போதும். ரேடியேட்டர் தகடு அலுமினியம் என்றால் மரை சீக்கிரம் போய்விடும்.

கோரையாறு:
டிஷ்யூ காய்ந்தே இருந்தது. ஹார்ட் டிஸ்க் ஸ்க்ரூ சரியாகப் பிடித்தது. தஞ்சாவூரில் ஒரு சர்வீஸ் கடையில் 6-32, 30 மி.மீ. எட்டு கிடைத்தது. மாட்டிவிட்டேன், வீடியோ ரெண்டர் ஓடும்போது சூடு 71 டிகிரி. பட்டறை ஐயாவுக்கு ரொம்ப நன்றி. வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

சுவாமிமலை24:
நல்லதுங்க. ஃபேன் முன்னாலா, பின்னாலா?

சுவாமிமலை24:
பத்து நாள் ஆகிறது. கொள்முதல் நிலையம் இன்னும் ஓடுகிறதா? முன் வலையை ஒரு முறை கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.