வட்டுக்கோட்டையில் வானியல் பேச்சு: பேச்சாளரும் தொலைநோக்கியும் தேவை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தில் மாதம் ஒருமுறை பின்னேரத்தில் வானியல் பேச்சு வைக்க நினைக்கிறோம். இலவசம், யாரும் வரலாம். மண்டபமும் புரொஜெக்டரும் இருக்கின்றன. பேசுவதற்குத்தான் ஆள் வேண்டும். பிரபஞ்சத்தின் தோற்றம், நட்சத்திரங்களின் பிறப்பு இறப்பு, கருந்துளை, எதுவென்றாலும் சரி. ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கும் பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் விளங்கும் தமிழில் சொல்லக்கூடியவர் யாரையாவது தெரியுமா? பட்டம் முக்கியமில்லை.

பேச்சு முடிந்ததும் வெளியில் வானத்தைக் காட்ட ஆசை. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், மே மாத இரவில் வடக்கே தாழ்வாகத் துருவ நட்சத்திரமும் தெற்கே தென்சிலுவை நட்சத்திரக் கூட்டமும் ஒரே வானில் தெரியும். லண்டன் பிள்ளைகளுக்குத் தென்சிலுவை கிடையாது, சிட்னிப் பிள்ளைகளுக்குத் துருவ நட்சத்திரம் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் இருக்கிறது, காட்டித்தர ஆளில்லை என்பதுதான் கவலை.

6 அங்குல டொப்சோனியன் போல ஒரு தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் ஒரு இரவுக்குக் கொண்டுவர முடியுமா? முழுநிலவு நாளான போயா லீவுக்கு வசதி, ஆனால் முழுநிலவு வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் மறைந்துவிடும். வளர்பிறை அரைநிலவு நாள்தான் நல்லது. அன்று நிலவின் ஒளியும் இருளும் சேரும் கோட்டில் குழிகளின் நிழல் நீளமாக விழும், பிள்ளைகள் கண்ணை எடுக்கமாட்டார்கள்.

1823இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தில் வானியல் பாடமாகவே இருந்தது. அந்த ஊரில் இதை மீண்டும் பேசவேண்டும். போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.