பதில்: ஏற்றம் பெற்றபின் அணியில் சேர்பவருக்கு என்ன பெயர்?

அன்பர்களுக்கு,

இழை நீண்டுவிட்டது. ‘ஃபயர் எம்பிளம்’ காணொளி ஆட்ட வரிசைக்கான நம் தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. என் தரப்பை ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வரிசையின் ‘சேக்ரட் ஸ்டோன்ஸ்’ ஆட்டத்தில் (2004) சேத் என்ற வீரர் தொடக்கத்திலேயே கூட இருக்கிறார். அடுத்த அத்தியாயத்தில் ஃபிரான்ஸ் சேர்கிறான். சேரும்போது இருவருக்கும் திரை காட்டுவது நிலை 1. ஆனால் உயிர்ப்புள்ளி சேத்துக்கு 30, ஃபிரான்ஸுக்கு 20. வரைவைப் படித்த மாணவி, “ரெண்டு பேரும் நிலை 1 தானே, அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?” என்று கேட்டாள். ஃபிரான்ஸ் குதிரைவீரனாக நிலை 20 வரை வளர்ந்து, ஏற்றம் பெற்று (அதாவது மேல் வகுப்புக்கு மாறி), மறுபடி 1-லிருந்து தொடங்கலாம். சேத் அந்த முதல் பாதியை நம் கண்ணில் படாமலே முடித்துவிட்டு வந்தவர். அந்த ‘முடித்துவிட்டு’ சொல்லில் தெரிய வேண்டும்.

> உயர்வீரர் போதும், சுருக்கமாக இருக்கிறது.

வினைத்தொகை ஐயா! உயர்ந்த வீரர், உயர்கின்ற வீரர், உயரும் வீரர் எல்லாம் அதற்குள் அடங்கும். ஃபிரான்ஸும் உயர்வீரன்தான். நமக்கு இறந்தகாலம் வெளிப்படையாக வேண்டும்.

> முன்னேறியவர்: முன்பே ஏறியவர். இதைவிடப் பொருத்தம் உண்டா?

‘முன்’ காலத்துக்கும் இடத்துக்கும் பொதுவாக நிற்பது அழகுதான். ஆனால் கட்டம் கட்டமாக நகரும் ஆட்டம் இது. ‘முன்னேறு’ என்ற சொல்லைக் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் நகர்வுக்கே பயன்படுத்தியிருக்கிறேன்.

ஏனாதி என்ற பரிந்துரையை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்தேன். அரசன் மோதிரம் அணிவித்துப் படைத்தலைவனுக்குத் தரும் பட்டம். புறநானூறு 167-இல் வரும் ஏனாதி திருக்கிள்ளியின் உடம்பெல்லாம் வாள்வடு. சேத்தும் தொடக்கக் காட்சியிலேயே காயம்படுகிறார். மனசு அங்கேதான் போகிறது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதற்கும் ஓர் அடிக்குறிப்பு வேண்டுமே.

‘ஜேகன்’ என்றே எழுதலாம் என்பவர்களுக்கு: 1990-இல் வந்த முதல் ஃபயர் எம்பிளத்தில் நாயகன் மார்த்துடன் வரும் மூத்த பாலடினின் (ஏற்றம் பெற்ற குதிரைவீரரின்) பெயர் அது. தொடக்கத்தில் கைகொடுத்து, பிறகு அதிகம் வளராதவர். இப்போது தொடக்கத்திலேயே வரும் மூத்தவர்களுக்கெல்லாம் அது பொதுப்பெயராகிவிட்டது. ஆனால் ‘பிளேசிங் பிளேட்’ ஆட்டத்தின் பென்ட் பாதிக்கும் மேல் ஆடிய பிறகு வருகிறார், அதுவும் வலுவாக. அவரை எப்படி ஜேகன் என்பது?

ஏற்றம் என்ற சொல்லைப் போன மாதமே ஏற்றுக்கொண்டோம். அதனால் ‘ஏறிவந்தவர்’ என்கிறேன். ஏறி, பிறகு வந்தவர். நடந்த வரிசை அப்படியே இருக்கிறது. ‘பாத் ஆஃப் ரேடியன்ஸ்’ ஆட்டத்தின் டைட்டானியா போன்ற பெண் வீரருக்கும் மாற்றாமல் பொருந்தும். குதிரை ஏறி வந்தவர் என்று படிப்பார்கள் என்ற எதிர்ப்பு நியாயமானது, பாலடின்கள் குதிரையில்தான் வருகிறார்கள். ஆனால் ‘முனிவர்’ என்ற மந்திரவாதி வகுப்பைச் சேர்ந்த பென்ட் நடந்துதான் வருகிறார். அவரையே முதல் எடுத்துக்காட்டாக வைத்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும். முழுக்கத் தீராது, ஒத்துக்கொள்கிறேன்.

இதுவரை ஏறிவந்தவருக்கு ஐந்து பேர், முன்னேறியவருக்கு இரண்டு பேர். ஏனாதியை முன்வைத்த ஐயா இன்னும் இறங்கி வரவில்லை. வியாழன் இரவு வரை திருத்தலாம். சேர்த்து எழுதுவதா, ‘ஏறி வந்தவர்’ என்று பிரிப்பதா என்பதையாவது சொல்லுங்கள்.