பால் கவரைக் கழுவித் தானா (உருக்கி எடுக்கும் பிளாஸ்டிக் குருணை) போடலாமா, பேல் (அழுத்திய கட்டு) கட்டி அனுப்பினால் போதுமா? (வேலூர், ராணிப்பேட்டை சிறு யூனிட்டுகளுக்கு)

பாலாற்றுக்கரை:
காட்பாடி, வாலாஜா பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களின் தலையில் வாஷிங் லைன், அக்ளோ (கவரைச் சூட்டில் சுருக்கி ரவையாக்கும் மெஷின்), தானா மெஷின் என்று முழு செட்டையும் கட்டிவிடுகிறார்கள். நாளுக்கு ஒரு டன்கூட வராத இடத்தில் தரம் பிரித்துப் பேல் கட்டி அனுப்புவதே சரி என்பது என் வாதம். முதல் காரணம் தண்ணீர். தோல் தொழிற்சாலைக் கழிவால் இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீர் ஏற்கெனவே உப்பு. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பாலாற்றுப் படுகைக்காகத்தான். அதே படுகையில் கழிவுநீர் விடும் இன்னொரு தொழிலை வளர்க்க வேண்டுமா? பால் கவர் கழுவிய நீரில் கொழுப்பும் புரதமும் இருக்கும். ஒரு ராத்திரி தொட்டியில் நின்றாலே அழுகி நாறும். பெட் பாட்டிலுக்கோ (தண்ணீர், குளிர்பான பாட்டில்) 80 டிகிரிக்கு மேல் காஸ்டிக் சோடா கலந்த நீரில் வாஷ் வேண்டும். கடின நீரில் காஸ்டிக் கலந்தால் சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டர் காயிலிலும் பிளேக்ஸிலும் (அறுத்த பாட்டில் துண்டு) வெள்ளையாகப் படியும்.

வாலாஜா ஃபிட்டர்:
சார், பெட்டையும் பிலிமையும் (கவர் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்) ஒண்ணா சேர்க்காதீங்க. பெட் விஷயத்துல உங்க பக்கம்தான் நான், பேல் கட்டி அனுப்பிடலாம். பால் கவருக்குக் காஸ்டிக் எதுக்கு? அதுல லேபிளும் இல்ல, கோந்தும் இல்ல. ஒரு ஓரத்தை வெட்டித் திறந்துட்டா பச்சைத் தண்ணியே போதும். கிரைண்டர்ல தண்ணி விட்டபடி அறுத்து, ஃபிரிக்ஷன் வாஷர்ல தேய்ச்சு, மிதவைத் தொட்டிக்கு விடணும். எல்.டி (பால் கவர் செய்யிற பாலிஎத்திலீன்) மிதக்கும், மணல் அடியில நிக்கும். தொட்டி மூணு வைங்க. புதுத் தண்ணியைக் கடைசித் தொட்டியில மட்டும் விட்டு, அது வழிஞ்சு ரெண்டாவதுக்கும், அங்கேருந்து முதலுக்கும் வரட்டும். வெளியே போறது முதல் தொட்டித் தண்ணி மட்டும்தான்.

அழுக்கு பிலிமைப் பேலாக் கட்டினா வாங்குறவர் ஈரத்துக்கும் மண்ணுக்கும் கழிச்சுட்டுத்தான் காசு தருவார். விலை கட்டாம கடைசியில அது எரியிறது குப்பைமேட்டுல. அந்தப் புகை மட்டும் யார் ஊருக்குப் போகுது?

ஆம்பூர் எல்.டி:
ரெண்டு பேரும் கழுவுறதோட நிறுத்திட்டீங்க, உதைக்கிற இடம் உலர்த்தல். சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தின பிறகும் மெல்லிய பிலிம் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். அப்படியே எக்ஸ்ட்ரூடர்ல (உருக்கி இழையா இழுத்துத் தானா வெட்டுற மெஷின்) போட்டா ஆவி அடைபட்டுத் தானாவுல ஓட்டை விழும், இழை அறுந்துபோகும். தரையில வெயில்ல காயப்போட்டா, ஆடிக் காத்துல பாதி பறக்கும், மீதியில மணல் ஏறும். அந்த மணல் எக்ஸ்ட்ரூடரோட மெஷ்ஷை (வடிகட்டிச் சல்லடை) அடைச்சு, ஸ்கிரூவையும் பேரலையும் தேய்க்கும்.

அதனாலதான் அக்ளோ வேணும். அதுக்கும் கை பழகணும். பிளேடு உரசுற சூட்டுல பிலிம் சுருங்க ஆரம்பிச்சதும் ஆம்பியர் ஏறும். உச்சத்தைத் தொட்டதும் தண்ணி தெளிச்சாத்தான் ரவையா உடையும். முந்தித் தெளிச்சா நார் நாராவே நிக்கும், பிந்தினா ஒரே கட்டியாகிப் பிளேடு சிக்கி மோட்டார் டிரிப் ஆகும். கரண்ட் பில்லை எகிற வைக்கிறதும் இதேதான். தானா விலையை மட்டும் பார்த்து லாபம் போட்டவங்க இதைக் கணக்குலயே எடுக்கிறதில்ல.

பாலாற்றுக்கரை:
என் பயமும் அதுதான். ஃபிட்டர் சொன்ன மூன்று தொட்டி சரியான முறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் தொட்டி நீர் எங்கே போகும்? சல்லடை, எண்ணெய் பிரிக்கும் தொட்டி, காற்று ஊதும் தொட்டி, சேறு உலர்த்தும் படுகை எல்லாம் இல்லாமல் அதைச் சாக்கடையில் விட்டால், பிளாஸ்டிக் துகளும் சேர்ந்தே ஆற்றுக்குப் போகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைக்க ஒன்று, இயக்க ஒன்று என்று இரண்டு இசைவாணை கேட்கும். மெஷின் விலைப்பட்டியலில் இந்தச் சுத்திகரிப்புச் செலவை நான் பார்த்ததே இல்லை.

வாலாஜா ஃபிட்டர்:
அந்தச் செலவைச் சேர்த்தே கணக்குப் போடட்டும், தப்பில்ல. ஆனா வரவுப் பக்கத்தையும் பாருங்க. 2022 இ.பி.ஆர் (பிளாஸ்டிக் கழிவுக்கு பிராண்ட் கம்பெனிகளே பொறுப்புங்கிற) விதிப்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி யூனிட்தான் மறுசுழற்சிச் சான்றிதழ் உருவாக்கி பிராண்ட் கம்பெனிகளுக்கு விற்க முடியும், பேல் கட்டுறவருக்கு அது கிடையாது. பிலிம் பேக்கிங்குல 2025-26 முதல் 10 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கலக்கணும், 2027-28 முதல் 20. தேவை ஏறப்போகுது. சரக்கு இங்கே சேர்ந்து, மதிப்பு வெளியூர்ல ஏறணும்னு என்ன விதி?

ஆம்பூர் எல்.டி:
அப்போ கழுவாமலே தொடங்கலாமே. ராணிப்பேட்டை சிப்காட்லயும் ஆம்பூர் ஷூ கம்பெனிகள்லயும் வர்ற பேக்கிங் கவர்ல தூசியைத் தவிர அழுக்கே இல்ல. தரம் பிரிச்சு நேரா அக்ளோவுக்குப் போகலாம். ஒண்ணே ஒண்ணு, அதுல பி.பி (பாலிப்ரொப்பிலீன்) கவர் கலந்து வரும். அதுவும் மிதக்கும்கிறதால தொட்டியிலயும் பிரியாது. கையிலதான் பிரிக்கணும்: கசக்கினா மொறமொறன்னு சத்தம் போட்டா பி.பி, இழுத்தா நீண்டு கொடுத்தா எல்.டி. எல்.டி 110 டிகிரி வாக்குல உருகிடும், பி.பி-க்கு 160 தாண்டணும். எல்.டி சூட்டுல ஓட்டும்போது பி.பி உருகாம மெஷ்ல நிக்கும், இல்லன்னா தானாவுல கட்டி கட்டியா தெரியும்.

குடியாத்தம்:
சிப்ஸ் பாக்கெட் மாதிரி பல அடுக்குக் கவர் இந்த எந்த மெஷினுக்கும் ஆகாது. அலுமினியம் பூசினதும் பாலியஸ்டரும் மெஷ்ஷை அடைக்கும். அதைத் தனியாக் கட்டி சிமெண்ட் ஆலைச் சூளைக்கு அனுப்புறதே நல்லது. பிளாஸ்டிக் சாலைக்கு எல்.டி மாதிரி லேசா உருகுற கவரைத்தான் கேட்பாங்க, தார் எடையில 6 முதல் 8 சதவீதம். பி.வி.சி அதுல கலக்கவே கூடாது, சூட்டுல ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

பாலாற்றுக்கரை:
சிப்காட் கவரைக் கழுவாமல் ஓட்டுவதில் எனக்கு மறுப்பில்லை, ஆற்றுக்கு ஒரு சொட்டும் போகாது. ஆனால் அங்கே சுத்தமான எல்.டி-க்குப் பெரிய வியாபாரிகள் முன்பணம் கொடுத்து மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். மெஷினுக்கு முன்பணம் கட்டும் முன், மூன்று மாதத்துக்காவது சரக்கு தருவதாக எழுத்தில் வாங்க முடியுமா?

வாலாஜா ஃபிட்டர்:
எழுத்துல யாரும் தரமாட்டாங்க சார். அதனாலதான் பால் கவரை விடக்கூடாதுங்கிறேன், அது தினமும் வீட்டுவாசல்லயே இருக்கு. வெட்டி அலசிக் காயவெச்சுக் கொடுக்கிற வீட்டுக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடுதலாக் கொடுங்க, உங்க முதல் தொட்டிக்கு வேலையே பாதியாக் குறையும்.