பக்கத்து மாநிலத்தில் உங்கள் கேரி பெர்மிட் (துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும் அனுமதி): நடந்ததை எழுதுங்கள்

டொலீடோக்காரன்:
போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் ஒஹாயோவில் குடியிருப்பவன், ஒஹாயோ கேரி லைசென்ஸ், மிச்சிகனில் செல்லும். "ஒஹாயோவில்தான் இப்போது பெர்மிட்டே வேண்டாமே, எதற்கு அட்டை?" என்று கேட்பவர்களுக்கு: அந்தச் சலுகை மாநில எல்லையோடு முடிந்துவிடும், அட்டைதான் கூட வரும்.

பாண்டியாக் பராசக்தி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கோயிலுக்குள் எடுத்துப் போக முடியாது என்பதால் காரில் பூட்டிவைக்கப் பெட்டியும் இருந்தது. எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னால் நீல விளக்கு. டிக்கிப் பக்கம் ஒரு லைட் எரியவில்லையாம்.

ஒஹாயோவில் 2022 ஜூனிலிருந்து அதிகாரி கேட்டால் சொன்னால் போதும். மிச்சிகனில் அவர் கேட்பதற்கு முன்பே நாமாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னேன். லைசென்ஸ் இருக்கிறது, கன் இடுப்பில் வலது பக்கம் இருக்கிறது என்று. அவர் பதறவில்லை, சரி என்று தலையாட்டினார். பின் சீட்டில்தான் பிரச்சினை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாதுதான். ஆனால் 'கன்' புரியும். "எய்யா, நெசமாவே வச்சிருக்கியா?" என்றார், கார் அதிரும்படி. அதிகாரி குனிந்து, அந்தம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். "கோயிலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்" என்றேன்.

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். அம்மா கோயில் வரும்வரை வாயே திறக்கவில்லை. அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்லும்போது என் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அட்லாண்டா அண்ணாச்சி:
எனக்குப் போலீஸ் கதை கிடையாது, கைரேகைக் கதைதான். மகன் இருக்கும் மாநிலத்தில் ஜார்ஜியா லைசென்ஸ் செல்லாது, யூட்டா செல்லும். சரி, அங்கே குடியில்லாதவர்களுக்கும் யூட்டா கொடுக்கிற நான்-ரெசிடென்ட் பெர்மிட் எடுத்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு மோட்டல் ஹாலில் வகுப்பு. யூட்டா அங்கீகரித்த பயிற்சியாளர், ஆனால் ஒரு குண்டுகூடச் சுட வேண்டியதில்லை. அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. 2011இலிருந்து இன்னொரு விதியும் உண்டு: உங்கள் மாநிலம் யூட்டா பெர்மிட்டை ஏற்கிறது என்றால், முதலில் சொந்த மாநில லைசென்ஸைக் காட்ட வேண்டும். அது இருந்தது. போட்டோ, படிவம், பணம் எல்லாம் சரி.

ரேகைதான் வரவில்லை. முப்பது வருட ஹோட்டல் தொழில், அதில் பாதி பாத்திரம் கழுவுகிற இடத்தில். மை தடவி உருட்டினால் அட்டையில் கறுப்பு வட்டம் மட்டும் விழுகிறது. அனுப்பிய அட்டை, ரேகை படிக்க முடியவில்லை என்று திரும்பி வந்தது. அடுத்த முறை ஒரு வயதான அம்மணி. என் கையை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்து, லோஷன் போட்டுத் தேய்த்து, "இத்தனை நாளாக என்ன வேலை செய்தாய்?" என்று கேட்டார். இந்த நாட்டில் என்னிடம் அதை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்ல வரவில்லை, சிரித்து வைத்தேன். அவர் எடுத்த ரேகை தேறியது. ஐந்து வருடத்துக்குச் செல்லும் அட்டை தபாலில் வந்தது.

இங்கே யாரும் தயங்க வேண்டாம். அந்த ஒரு அட்டை இருந்தால் பாதி அமெரிக்கா நமக்கு.

எடிசன் சுப்பு:
அண்ணாச்சி, கோபிக்காதீர்கள், "பாதி அமெரிக்கா நமக்கு" என்று எழுதினால் புதிதாக வருகிறவன் நம்பிவிடுவான். டொலீடோக்காரன் போன அதே மிச்சிகனுக்கு உங்கள் யூட்டா அட்டையோடு போய்ப் பாருங்கள். அவரவர் குடியிருக்கும் மாநிலம் கொடுத்த அட்டையைத்தான் அங்கே மதிப்பார்கள். கொலராடோவிலும் அதே கதை. எந்த மாநிலம் கொடுத்தது என்பதோடு, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள்.

என்னுடையது புளோரிடா நான்-ரெசிடென்ட். நியூ ஜெர்சியில் அப்போது சாதாரண ஆளுக்குக் கேரி பெர்மிட் கிடைக்கவே கிடைக்காது. 'நியாயமான தேவை' என்று ஒன்று கேட்பார்கள், கடை வைத்திருப்பது தேவையாகாது. 2022இல் உச்ச நீதிமன்றம் புரூயென் (Bruen) வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அது போனது. அதனால் புளோரிடாவுக்கு எழுதிப் போட்டு வாங்கி, ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியா போகும்போது மட்டும் இடுப்பில் வைத்துக்கொள்வேன். 2013 பிப்ரவரியில் பென்சில்வேனியா, புளோரிடாவில் குடியிருப்பவர்களின் அட்டையை மட்டும் ஏற்போம் என்று ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டது. எனக்கு யாரும் கடிதம் போடவில்லை. தோட்டா வாங்கப் போன கடையில், கல்லாவுக்கு மேலே டேப் போட்டு ஒட்டிய காகிதத்தில்தான் படித்தேன். கடைக்காரர் என் பர்ஸைப் பார்த்து, "அந்த அட்டையை வைத்து இனி வண்டிக் கண்ணாடியில் பனி சுரண்டலாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னும் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது.

எதிர்த்திசையில் போனால் சிரிப்பெல்லாம் கிடையாது. அதே 2013இல்தான் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஷனீன் ஆலன் நியூ ஜெர்சிக்குள் நிறுத்தப்பட்டார். பென்சில்வேனியா பெர்மிட் வைத்திருந்தார், கன் இருப்பதைத் தானாகவே அதிகாரியிடம் சொன்னார், கைதானார். பல ஆண்டுச் சிறை தலைக்கு மேல் தொங்கியது. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கும்வரை அது முழுதாகத் தீரவில்லை. வெளிமாநில அட்டை எதையும் நியூ ஜெர்சி இன்றும் ஏற்பதில்லை.

சும்மா வந்தேன்:
டிரைவிங் லைசென்ஸ் மாதிரி எல்லா மாநிலத்திலும் செல்ல வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

எடிசன் சுப்பு:
அதற்கான மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-198 என்று நிறைவேறியது. செனட்டில் படுத்துவிட்டது. கனவு காணுங்கள், ஆனால் காரை ஓட்டும்போது வேண்டாம்.

செக்‌ஷன் 926ஏ:
என் அனுபவம் சின்னது. விமானம் ரத்தாகி, நியூ ஜெர்சியில் இரவு தங்கச் சொன்னார்கள். செக்-இன் செய்த பெட்டியில் கன். பெட்டியைத் திருப்பித் தருகிறோம் என்று கவுண்டரில் நீட்டினார்கள். கையைக் கட்டிக்கொண்டு, வேண்டாம், நீங்களே வைத்திருங்கள் என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவ்வளவுதான்.

ஏன் தொடவில்லை என்று எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. யூட்டாவின் கிரெக் ரெவல், 2005இல் நியூவர்க் விமான நிலையத்தில் இதே நிலையில் பெட்டியை வாங்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனார். மறுநாள் காலையில் கவுண்டரில் முறைப்படி அறிவித்தார். கைது. வழக்கு பின்னர் கைவிடப்பட்டது, ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு 2010இல் மேல்முறையீட்டிலும் நிற்கவில்லை. 1986ஆம் ஆண்டு மத்திய சட்டம் (என் பெயரில் இருக்கும் 926ஏ பிரிவு) வழிப்போக்கருக்குப் பாதுகாப்புத் தருகிறது, சரி. ஆனால் துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். இரவு முழுக்க ஹோட்டல் அறையில் பெட்டி பக்கத்திலேயே இருந்தால் அது எட்டும் தூரம்தான் என்றது நீதிமன்றம். காரில் போகிறவர்களுக்கும் இதேதான்: தோட்டாவை எடுத்துவிட்டு டிக்கியில் வையுங்கள். டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி. கிளவ் பாக்ஸைப் பூட்டினால் கணக்கில் வராது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் அதைச் சட்டப்படி வைத்திருக்க முடிய வேண்டும், நடுவில் வருவதற்குத்தான் இந்தப் பாதுகாப்பு.

டொலீடோக்காரன், உங்களுக்கு ஒன்று. பள்ளிக்கு 1000 அடிக்குள் கன் கூடாது என்ற மத்திய சட்டத்தில், அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸுக்குத்தான் விலக்கு. மிச்சிகன் உங்கள் ஒஹாயோ அட்டையை ஏற்பது மிச்சிகன் சட்டத்துக்கு மட்டும்தான், மத்திய விலக்குக்கு அது போதாது என்பது துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் நிலை. செல்லுபடியாகிற மாநிலத்திலும் சிலர் தனியாக நான்-ரெசிடென்ட் எடுப்பது இதற்காகத்தான்.

அப்புறம் பச்சை அட்டைக்காரர்கள்: ஆயுதக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாடு கடத்தலாம். ஷனீன் ஆலன் போல நீங்கள் மாட்டினால் மன்னிப்புக்குக் காத்திருப்பதற்குள் குடியேற்ற நீதிமன்றத்தில் நிற்பீர்கள். தோட்டா அடைக்கும் மேகசின் அளவும் பாருங்கள், நியூ ஜெர்சியில் 10 குண்டுதான். முனையில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் தோட்டாவுக்கும் அங்கே தனி விதி. இணையத்து வரைபடத்தில் பச்சை நிறத்தைப் பார்த்துக் கிளம்பாதீர்கள், கிளம்பும் அன்று அந்தந்த மாநிலத்தின் தளத்தையே பாருங்கள். வழியில் தங்கும் ஊரை முன்பே முடிவு செய்யுங்கள்.

பிளேனோ பிரியா:
926ஏ சார், அனுபவத்தைக் கேட்டால் பாடமே நடத்துகிறீர்கள். நான் கதை மட்டும் சொல்கிறேன்.

டெக்சாஸின் டல்லாஸிலிருந்து (Dallas) வர்ஜீனியாவின் டல்லஸ் (Dulles) விமான நிலையம், பெயர் குழப்பமே ஒரு கூத்து. கவுண்டரில் சொல்லி, கன் இருக்கும் பெட்டியைப் பூட்டி அனுப்பி, வர்ஜீனியாவில் அக்கா வீட்டில் இறங்கியாயிற்று. 2016 ஜூலையிலிருந்து வர்ஜீனியா எல்லா மாநில அட்டைகளையும் ஏற்கிறது, டெக்சாஸ் லைசென்ஸுக்குப் பிரச்சினை இல்லை. மறுநாள் லேன்ஹாம் சிவா விஷ்ணு கோயிலில் விசேஷம். லேன்ஹாம் மேரிலாந்தில் இருக்கிறது. மேரிலாந்து யார் அட்டையையும் ஏற்காது.

சரி, பெட்டியை அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்றேன். அத்தான் எச்-1பியில் இருக்கிறார். அந்த விசாவில் கன் வைத்திருக்கக் கூடாது என்று எங்கேயோ படித்திருக்கிறார். பெட்டி பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வேட்டி, சட்டை, நெற்றியில் விபூதியோடு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "பிரியா, நான் ஹாலுக்கே வரமாட்டேன்மா" என்று மாடிப்படியில் நின்றே பேசினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, விசா அவருடையது.

கடைசியில் எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். நான் சோபாவில் பெட்டியோடு உட்கார்ந்து அபிஷேகத்தை வீடியோ காலில் பார்த்தேன். அக்கா பிரசாதம் கொண்டுவந்தாள், புளியோதரை ஆறிப்போயிருந்தது. அது இன்னும் ஆறவில்லை எனக்கு.

செக்‌ஷன் 926ஏ:
எச்-1பிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தில் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் எடுத்திருந்தால் கன் வைத்திருக்கலாம். உங்கள் அத்தானிடம் சொல்லுங்கள்.

பிளேனோ பிரியா:
அத்தான் கொசு பேட்டைக் கையில் எடுக்கவே யோசிப்பார். நீங்களே வந்து சொல்லுங்கள், அக்கா முகவரி தருகிறேன்.