ஜிமெயிலில் மெயில்கள் மறைகின்றன, ஸ்டோரேஜ் மட்டும் இறங்காதது ஏன்?

கேள்வி:
15 ஜிபி நிறைந்த கணக்கு. பெரிய அட்டாச்மென்ட் உள்ள பழைய மெயில்களை பிரவுசரிலிருந்தே மொத்தமாக நீக்க வேண்டும். லிஸ்டுக்கு மேலே உள்ள கட்டத்தில் டிக் போட்டு, வரிசையில் முதலில் வரும் பட்டனை அழுத்தினால் 50 மெயில் மறைகிறது. ஆனால் ஸ்டோரேஜ் அளவு அப்படியே இருக்கிறது. சரியான வழி என்ன?

பதில் 1:
முதல் பட்டன் ஆர்க்கைவ். அது மெயிலை இன்பாக்ஸிலிருந்து எடுத்துவிடும், ஆனால் 'ஆல் மெயில்' உள்ளே அது பத்திரமாக இருக்கும். ஒரு பைட்கூடக் குறையாது. குப்பைத்தொட்டிப் படம்தான் டெலீட். இரண்டுமே பெயர் எழுதாத சாம்பல் நிறப் படங்கள், அதுவும் ஒரே வரிசையில். ஒன்று ஒளித்து வைக்கிறது, இன்னொன்று அழிக்கிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு வேலையை இப்படி வைத்தது மோசமான வடிவமைப்பு.

அதனால் முதலில் பற்சக்கரம், 'சீ ஆல் செட்டிங்ஸ்', 'ஜெனரல்' போங்க. 'பட்டன் லேபிள்ஸ்' என்ற இடத்தில் 'டெக்ஸ்ட்' கொடுத்தால் படங்களுக்குப் பதில் பெயர்கள் வரும். அங்கேயே 'கான்வர்சேஷன் வியூ'வை ஆஃப் செய்யுங்க. இதை மட்டும் தவறவிடாதீங்க. 40 மெயில் போய்வந்த ஒரு உரையாடலில் ஒரே ஒரு மெயிலில் பெரிய ஃபைல் இருந்தாலும், தேடலில் மொத்தமும் ஒரே வரியாகத்தான் வரும். அதை டெலீட் செய்தால் நாற்பதும் போய்விடும். பிறகு பக்கத்தின் அடிவரை உருட்டி 'சேவ் சேஞ்சஸ்' அழுத்தணும், இல்லாவிட்டால் எதுவும் பதியாது.

இனி தேடல். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சின்னப் படத்தைத் தொட்டால் ஒரு படிவம் விரியும். 'சைஸ்' வரியில் 'கிரேட்டர் தேன்', 10, 'எம்பி' என்று கொடுத்துத் தேடுங்க. முடிவுகளுக்கு மேலே 'எனி டைம்' என்று இருக்கும். அதில் 'ஓல்டர் தேன் எ இயர்' எடுத்தால் ஓராண்டுக்கு முந்தியவை மட்டும் நிற்கும்.

மேல் கட்டத்தில் டிக் போட்டால் அந்தப் பக்கத்தில் உள்ளவைதான் தேர்வாகும். அதனால்தான் 50. டிக் போட்டதும் லிஸ்டின் தலையில், தேடலில் வந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு மெல்லிய வரி வரும். அதைத் தொட்டபிறகே டெலீட் கொடுங்க.

பதில் 2:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். 10 எம்பி என்பது மெயிலின் அளவு, ஃபைலின் அளவு இல்லை. அட்டாச்மென்ட் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாறித்தான் போகும். 3 பைட் 4 எழுத்தாகும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடும். 7.5 எம்பி ஃபைலே 10 எம்பி மெயிலாகிவிடும். 10 எம்பி ஃபைல்களை மட்டும் பிடிக்கணும்னா 13 என்று கொடுங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாம் ஒரே அடியாகப் போனால், அவற்றில் வேண்டியதும் இருந்தால்?

பதில் 1:
டெலீட் ஆனவை 'டிராஷ்' உள்ளே 30 நாள் கிடக்கும். சில கணக்குகளில் அதற்கு 'பின்' என்று பெயர். அங்கே ஒருமுறை நிதானமாகப் பார்த்து, வேண்டியதை இன்பாக்ஸுக்கு நகர்த்துங்க. அதற்கப்புறம் மொத்தமாகக் காலி செய்யும் வரியை அழுத்துங்க. டிராஷில் இருக்கும்வரை அதுவும் 15 ஜிபி கணக்கில்தான் சேரும்.

பதில் 3:
இந்தக் குழப்பத்தின் வேர் பழசு. 2004 ஏப்ரல் 1-இல் ஜிமெயில் வந்தபோது 1 ஜிபி கொடுத்தார்கள். அப்போது ஹாட்மெயிலில் 2 எம்பி, யாஹூவில் 4 எம்பி. அழிக்கவே தேவையில்லை, தேடினால் போதும் என்ற எண்ணத்தில் கட்டிய வீடு அது. இப்போது அந்த 15 ஜிபியை டிரைவும் போட்டோஸும் சேர்ந்து பங்குபோடுகின்றன. நிறைந்து வழிந்தால் புது மெயில் உள்ளே வராது. அப்படியிருக்க, சைஸ்வாரியாக வரிசைப்படுத்தும் வசதியை லிஸ்டின் மேலேயே வைத்திருக்க வேண்டும். பயனரை இப்படிப் படிவத்துக்குள் தேடவிடுவது நியாயமே இல்லை.

பதில் 2:
காலி செய்த உடனே ஸ்டோரேஜ் அளவு மாறாவிட்டால் பதறாதீங்க, கணக்கு புதுப்பிக்கச் சில மணி நேரம் பிடிக்கலாம். மொபைல் ஆப்பில் 'கான்வர்சேஷன் வியூ' தனி செட்டிங். பிரவுசரில் ஆஃப் செய்தது அங்கே செல்லாது, எனவே இந்த வேலையை போனில் தொடராதீங்க.