நட் அகலம் 43-லிருந்து 44.5 மி.மீ.க்கு மாறினால் விரலுக்கு விடிவு உண்டா?

தடிவிரல்

ஆறு வருடமாக ஒரே அகூஸ்டிக் கிட்டார்தான் வாசிக்கிறேன். நட் (நெக் எனும் கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பள்ளங்களில் பதியும் குறுக்குத் துண்டு) அகலம் 43 மி.மீ., ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 645 மி.மீ., கம்பி 12-53 செட் (மெல்லியது 0.012, தடித்தது 0.053 அங்குலம்). என் விரல் நுனிகள் கொஞ்சம் தடிமன். சி கார்டு பிடித்தால் ஆள்காட்டி விரலின் சதை ஒன்றாம் (மிக மெல்லிய) கம்பியில் உரசி, அது "டப்" என்று செத்துவிடும். ஏ மேஜர் இன்னும் மோசம். மூன்று விரலும் இரண்டாம் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு நடுவே உள்ள கட்டம்) முண்டியடித்து நிற்கும். ஒன்று எப்போதும் ஃப்ரெட் கம்பியைவிட்டுப் பின்தங்கிக் கரகரக்கும்.

போன வாரம் நண்பர் வீட்டில் 44.5 மி.மீ. நட் உள்ள கிட்டாரைப் பத்து நிமிடம் வாசித்தேன். சி கார்டில் ஆறு வருடமாகக் கேட்காத ஒன்றாம் கம்பி கணீரென்று கேட்டது. சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் குழப்பம். வித்தியாசம் 1.5 மி.மீ. அதை ஐந்து இடைவெளிக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.3 மி.மீ. இவ்வளவு சின்ன அளவை விரல் உணருமா, இல்லை புதுக் கிட்டார் வாங்க என் மனம் சாக்குத் தேடுகிறதா?

52 மி.மீ. கிளாசிக்கல் ஒன்றும் இருக்கிறது. அதில் சி சுத்தமாகக் கேட்கும், எஃப் பிடித்தால் மணிக்கட்டு கெஞ்சும். எனவே "அகலம் கூடினால் நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியவில்லை.

பழையகம்பி

விரலை நுனியில் நிறுத்துங்கள், முழங்கையை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் முன்னே கொண்டுவாருங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். உங்களைவிடத் தடித்த விரல்காரர்கள் 43-இல் அருமையாக வாசிக்கிறார்கள்.

நடுநிசி

உணரும், மனப்பிரமை இல்லை. ஆனால் அவசரப்படாதீர்கள், நான் பட்ட அவஸ்தையைச் சொல்கிறேன். விரலால் மீட்டுவதற்கு அகலம்தான் நல்லது என்று கேள்விப்பட்டு 47.6 மி.மீ. நட் உள்ள ஒன்றுக்கு மாறினேன். என் கை சின்னது. எஃப் கார்டில் கட்டை விரலை மேலே வளைத்து ஆறாம் கம்பியை அமுக்குவது என் பழக்கம். அது அந்த நெக்கில் எட்டவே இல்லை. எட்டு மாதம் முட்டி மோதிவிட்டு 43-க்கே திரும்பிவிட்டேன்.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. எனக்கு நெருக்கடி இருந்தது வலது கையில்! அதை முடிவு செய்வது நட் அல்ல, சேடிலில் (கிட்டாரின் உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) ஆறாம் கம்பி முதல் ஒன்றாம் கம்பி வரை உள்ள இடைவெளி. அங்கே 54 மி.மீ. வைத்ததும் உண்டு, 57 வைத்ததும் உண்டு. உங்கள் சிக்கல் இடது கையில் என்பதால் நட் பேச்சு நியாயம்தான். ஆனால் நெக்கின் பருமனையும் பாருங்கள். தடித்த நெக்கில் அதே 44.5 வேறு மாதிரி இருக்கும்.

மரத்தூள்

கிட்டார் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நட் எவ்வளவு அகலம் என்பதை விரல் அறியாது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடம்தான் அதற்குத் தெரியும். 43 மி.மீ. நட்டிலேயே ஆறாம் கம்பியிலிருந்து ஒன்றாம் கம்பி வரை 35 மி.மீ. வைத்து வெட்டியதையும் பார்த்திருக்கிறேன், 37 வைத்ததையும் பார்த்திருக்கிறேன். முதலில் அதை அளந்து பாருங்கள். வெர்னியர் காலிபரால் இரண்டு கம்பிகளின் வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை அளந்து, 0.8 மி.மீ. கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும் (12-53 செட்டுக்கு).

வெட்டிய முறையும் முக்கியம். 35 மி.மீ.யை மையம் பார்த்துச் சமமாகப் பிரித்தால், 5, 6 கம்பிகளுக்கு நடுவே 5.8 மி.மீ. வெற்றிடம்தான் மிஞ்சும்; 1, 2-க்கு நடுவே 6.6 கிடைக்கும். தடித்த கம்பி இடத்தைத் தின்றுவிடும். அதனால் வெற்றிடம் எங்கும் ஒன்றாக வரும்படி வெட்டுவதே என் வழக்கம்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு சி வடிவம் பிடியுங்கள். நட்டில் 35, சேடிலில் 54 என்றால் அங்கே கம்பிகளின் பரப்பு சுமார் 38 மி.மீ. ஆகியிருக்கும். அதாவது அகல நட் கிட்டாரின் உணர்வு. ஒன்றாம் கம்பி பேசினால் இடம்தான் உங்கள் பிரச்சினை. ஏ வடிவத்துக்கு இந்தச் சோதனை ஆகாது. மூன்று விரலும் நிற்கும் ஃப்ரெட் கட்டத்தின் நீளம் 34 மி.மீ.யிலிருந்து 29-க்குச் சுருங்கிவிடும்.

இன்னொன்று, மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கி, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தாள் நுழையும் அளவு போதும். பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தால் நட் பள்ளம் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். அப்படி இருந்தால் கூடுதலாக அழுத்துவீர்கள், அழுத்தினால் விரல் சதை பிதுங்கும், பிதுங்கினால் பக்கத்துக் கம்பியில் உரசும். பலரின் "அகலப் பிரச்சினை" உண்மையில் உயரப் பிரச்சினை.

தடிவிரல்

பழையகம்பி, முழங்கை விஷயத்தை ஆறு வருடத்தில் குறைந்தது நாற்பது பேர் சொல்லிவிட்டார்கள். உண்மைதான், செய்தும் பார்த்துவிட்டேன்.

மரத்தூள், அளந்தேன். வெளி விளிம்புக்கு 35.8, ஆக மையத்துக்கு 35! இரு ஓரத்திலும் தலா 4 மி.மீ. சும்மா கிடக்கிறது. கம்பிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் ஏறக்குறைய 6.2. கேப்போ போட்டதும் ஒன்றாம் கம்பி பேசியது. மூன்றாம் ஃப்ரெட் சோதனையில் வெளிச்சமும் தாராளம். இரண்டு குற்றமும் என் கிட்டார் மேல்தான்.

புது எலும்பு நட்டில் 38 வைக்கலாமா?

மரத்தூள்

வேண்டாம். 38 வைத்தால் ஓரத்துக்கு 2.5 மி.மீ.தான் மிஞ்சும். ஃப்ரெட்டின் முனைகள் சரித்துத் தேய்த்திருக்கும் என்பதால் அதிலும் கொஞ்சம் போய்விடும். ஒன்றாம் கம்பியைச் சுண்டி இழுக்கும்போது வெளியே நழுவும். 37-இல் நிறுத்துங்கள்.

தடிவிரல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 37 மி.மீ.க்கு எலும்பு நட் போட்டாயிற்று, பள்ளமும் சரியான ஆழம். வெற்றிடம் 6.2-லிருந்து 6.6. சி கார்டில் பத்துக்கு ஒன்பது முறை ஒன்றாம் கம்பி கேட்கிறது. எஃப் பிடிக்கும் வலி பாதியாகக் குறைந்தது, அது பள்ளத்தின் புண்ணியம் என்று நினைக்கிறேன். முதல் வாரம் ஒன்றாம் கம்பி இரண்டு மூன்று முறை ஓரத்தில் நழுவியது. இப்போது கை பழகிவிட்டது.

ஏ மேஜர் மட்டும் மாறவில்லை. அங்கே நெருக்கடி ஃப்ரெட்டின் நீளவாக்கில், நட் என்ன செய்யும் பாவம். மோதிர விரலை மடித்து மூன்று கம்பியையும் ஒரே விரலால் அமுக்கப் பழகுகிறேன். ஒன்றாம் கம்பி அதில் செத்துப்போவது தனிக் கதை. புதுக் கிட்டார் யோசனையை இப்போதைக்கு மூட்டை கட்டியாயிற்று.